கார்டியன் பெயர்

பத்திர எழுத்தர் அவளுடைய உயிலை வாசித்துக்கொண்டே போனார். அந்த ஒரு வரியில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"...என் காலத்துக்குப் பிறகு, என் மைனர் மகள் சுபிக்ஷாவுக்கு கார்டியனாக, அவளுடைய பெரியப்பா வேலாயுதம் அவர்களை நியமிக்கிறேன்."

நியமிக்கிறாளாம்.

யார் சொன்னது?

வீடு மகளுக்கு என்று மட்டும்தான் அவள் போனில் சொல்லியிருந்தாள். கார்டியன் பெயரை நேரில் சொல்கிறேன் என்றிருந்தாள்.

"வழக்கமா அப்படித்தானம்மா போடுவோம். அப்பா இல்லாத பிள்ளைக்குப் பெரியப்பாதானே?" என்றார் எழுத்தர்.

பழைய உயில் ஒன்றை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றி அடித்து வைத்திருக்கிறார், மகராசன்.

பக்கத்தில் வேலாயுதம், அவள் கணவனின் அண்ணன், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்பது போலத் தலையை வேறு ஆட்டினார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவன் இறந்த பதினாறாம் நாள், பந்தி முடிந்து கை கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. பொட்டப் பிள்ளைதானே, ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றார் இதே மனிதர். சுபிக்ஷா கேட்டுக்கொண்டு நின்றாள். ஏழு வயதுப் பிள்ளை, ஒரு மாதம் பாயை நனைத்தாள்.

இப்போது இவளுக்கும் ஆஸ்பத்திரியில் கெடு சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம். கூடிப்போனால் எட்டு.

செத்தாலும் இந்த ஆள் கையில் பிள்ளையைக் கொடுக்க மாட்டாள்.

"அழிங்க அதை."

"அம்மா..."

"அழிங்கன்னு சொல்றேன்ல. செண்பகவல்லின்னு போடுங்க."

வேலாயுதத்தின் கால் கீழே இறங்கியது. செண்பகவல்லி அவர் மனைவி. சற்று முன் இவளைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்து விட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே நின்ற வேனில் போய் உட்கார்ந்துகொண்டவள்.

"எல்லாம் ஒரே வீடுதானே. அவ பேரு எதுக்கு? அவளுக்கு என்ன தெரியும்?"

என்ன தெரியுமா? பிள்ளைக்குப் பசிக்கும் என்று தெரியும்.

காம்பவுண்டுச் சுவர் சண்டையில் ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம். ஆனால் இவள் ஊசி போடப் போகும் நாளெல்லாம் சுபிக்ஷா பெரியம்மா வீட்டில் சாப்பிட்டு, தலை பின்னி, வீட்டுப்பாடமும் முடித்துத்தான் வந்தாள். அந்தக் கோபம் ஒரு நாளும் பிள்ளை மேல் விழுந்ததில்லை.

எழுத்தர் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். செண்பகவல்லி வந்து நின்றாள். திருத்திய வரியை அவர் வாசித்தார்.

அவள் முகம் கடுகடுவென்று ஆனது.

"சாவுறதுக்கு அவ்வளவு அவசரமாடி உனக்கு?"

செண்பகவல்லிக்குக் கண் அது பாட்டுக்கு வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

வேலாயுதம் எழுத்தரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க வெளியில போய் நில்லுங்க," என்றாள் செண்பகவல்லி, புருஷன் பக்கம் திரும்பாமலே.

"நாங்க பேசணும்."