தண்ணீர் இல்லாத இடம்

கைலாசம் கடலைக் கூடத்தில் விரித்தார்.

பத்துக்கு எட்டு அடி பிளக்ஸில் அச்சடித்த கடல் படம். நாற்காலிகளையும் டீப்பாயையும் வாசலுக்குத் தள்ளிய பிறகுதான் இடம் போதுமானதாக இருந்தது. நாமக்கல்லில் அதை அச்சடித்துக் கொடுத்த கடைக்காரர், போட்டோவையும் பெயரையும் எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டார். இப்படி ஒரு முகத்தோடு அந்தக் கடைக்குப் போகிறவர்கள் கண்ணீர் அஞ்சலி அடிக்கத்தான் போவார்கள். அவர் மேல் தப்பில்லை.

எதுவும் போட வேண்டாம் என்றார் கைலாசம்.

படம் யுவஸ்ரீ முன்பு எப்போதோ போனில் அனுப்பியது. அவருடைய ஒரே மகள். விமானத்தில் போய்க் கடலின் சூட்டைப் பார்ப்பது அவள் வேலை. மேலே இருந்து ஒரு குழாயைக் கடலில் போடுவார்களாம். அது இறங்க இறங்க, எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு என்று விமானத்துக்குச் சொல்லிக்கொண்டே போகுமாம். அப்புறம் பேச்சு நின்றுவிடுமாம். இப்படி இடம் மாற்றி இடம் மாற்றிப் போட்டால் நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது, எங்கே சுழல்கிறது என்று தெரிந்துவிடும். படத்தில் சூடான தண்ணீர் சிவப்பு, குளிர்ந்தது நீலம். நடுவில் நீலமாகச் சுருண்டு கிடந்ததுதான் அவள் விடாமல் துரத்திக்கொண்டிருந்த சுழல்.

அதற்கு மேலே போனபோதுதான் அவள் இருந்த விமானத்தின் பேச்சும் நின்றது.

தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று இன்று காலை அவளுடைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதை அந்த அதிகாரி நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். பாவம், அவரும் என்ன செய்வார். அப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்த சௌந்திரம் இன்னும் எழுந்திருக்கவில்லை. கணவர் நாமக்கல்லுக்குப் போனதையும் வந்ததையும் அவள் கேட்கவே இல்லை.

கைலாசம் சாமி அறையிலிருந்து குடுமித் தேங்காயை எடுத்து வந்தார்.

தேங்காய் வைத்து நிலத்தடி நீரோட்டம் பார்ப்பவர் அவர். ராசிபுரத்திலிருந்து பனமரத்துப்பட்டி வரைக்கும் அவர் நடக்காத தோட்டம் இல்லை. உள்ளங்கையை விரித்து, தேங்காயை அதன் மேல் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார். அடியில் தண்ணீர் இருந்தால் அது தானாக எழுந்து நிற்கும். அவர் காலால் கீறிய இடத்தில்தான் போர் போடுகிற ரிக் வண்டி வந்து நிற்கும். விரல் மடங்கித் தேங்காயைத் தொடக் கூடாது என்பதில் மட்டும் மகா கறார். தொட்டால் அது தொழிலே இல்லை, திருட்டு என்பார். அப்படித் தொட்டுக் காசு பார்த்த ஒருவனை நடுச்சந்தையில் செருப்பைக் கழற்றிக்கொண்டு துரத்தியவர்.

யுவஸ்ரீக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "அது தேங்கா எந்திரிக்கறது இல்லீங்கப்பா, உங்க மணிக்கட்டு எந்திரிக்க வெக்குது," என்று சிரிப்பாள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் வெளியில் போனால், எம்புள்ளையும் நீரோட்டந்தான் பாக்கறா, எனக்குத் தேங்கா, அவளுக்கு ஏரோப்ளேன் என்று டீக்கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார்.

இந்தக் கூடத்தில் அந்தத் தேங்காய் ஒருநாளும் எழுந்ததில்லை. வீட்டுக்கு அடியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஊருக்கெல்லாம் தண்ணீர் காட்டுகிறவர் லாரித் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார் என்று கிண்டல் பண்ண நாலு பேர் உண்டு.

கைலாசம் பிளக்ஸின் ஓரத்தில் கால் வைத்தார்.

தேங்காய் எழுந்து நின்றது.

மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. வந்ததை அப்படியே ஒதுக்கித் தள்ளினார்.

இன்றைக்கு அவர் தேடியது தண்ணீரை அல்ல. தண்ணீர் இல்லாத ஓர் இடத்தை. ஒரு மணல் திட்டு போதும். ஒரு பாறை போதும். எந்த அதிகாரியின் கண்ணிலும் படாமல் ஒரு பெண் கரையேறி உட்கார்ந்திருக்கும் அளவுக்கு ஈரமில்லாத ஓரிடம். அங்கே தேங்காய் படுத்துவிடும். பிளக்ஸில் நீரோட்டம் பார்ப்பவனைப் பைத்தியம் என்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும்.

உழவு ஓட்டுவதுபோல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். சிவப்பில் நின்றது. மஞ்சளில் நின்றது. பச்சையில் கொஞ்சம் ஆடி, மறுபடியும் நின்றது. இது எழுந்திருக்கவில்லையே என்று எத்தனையோ விவசாயிகள் அவர் முன்னால் கண்ணைத் துடைத்திருக்கிறார்கள். இன்று அது படுக்கவே மாட்டேன் என்றது.

படுத்துக்க சாமி, படுத்துக்க என்று வாய்க்குள் முணுமுணுத்தார். யுவஸ்ரீயைத் தோளில் போட்டுத் தூங்க வைத்த காலத்தில் சொன்ன சொல் அது.

நீலத்தின் நடுவுக்கு வந்ததும் நின்றார்.

"சௌந்திரம், இங்க வந்து பாரு. படுத்துருச்சு. இங்க தண்ணி இல்ல."

சௌந்திரம் சுவரைப் பிடித்து எழுந்தாள். மகளை மிதிப்பதுபோல் ஆகிவிடுமோ என்று அந்தப் பிளக்ஸின் பக்கமே காலை நீட்டாமல் உட்கார்ந்திருந்தவள், இப்போது அதன் மேலேயே நடந்து வந்து அவருடைய கையைப் பார்த்தாள்.

தேங்காய் படுத்துத்தான் இருந்தது.

கட்டைவிரல் மடங்கி அதை அழுத்திக்கொண்டிருந்தது. நகம் வெளுத்துப் போயிருந்தது.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "இங்க தண்ணி இல்லீங்க."