கை நனைப்பதற்கு முன்

“காப்பி மட்டும் போதும் அண்ணாச்சி.”

மாப்பிள்ளையின் அம்மா அப்படிச் சொன்னதும், பெண்ணாக வந்து உட்கார்ந்திருந்தவள் அப்பாவைப் பார்த்தாள்.

மணி பன்னிரண்டரை. பாளையங்கோட்டையில் ஒரு சைவ ஓட்டல். சுற்றிலும் எல்லா மேசைகளிலும் இலை விழுந்துகொண்டிருந்தது.

இவர்கள் மேசையில் மட்டும் ஆறு டம்ளர்.

ஓட்டலில் பெண் பார்க்கலாம் என்ற யோசனை அவளுடையதுதான். வீடு ஒற்றை அறை. வருகிறவர்களை உட்காரவைத்தால் வீட்டில் இருப்பவர்கள் வாசலில் நிற்க வேண்டும்.

அவளுக்கு ரீசார்ஜ் கடையில் வேலை. எந்த ஆப்பில் எது மலிவு என்று அவளைத்தான் தெருவே கேட்கும். இந்த ஓட்டலின் இரண்டாயிரம் ரூபாய் கிஃப்ட் கார்டு ஒன்றை ஆயிரத்து நானூறுக்குப் பிடித்திருந்தாள்.

அறுநூறு ரூபாய் மிச்சம். அப்பா அதைப் பால்காரர் வரை சொல்லிவிட்டார்.

ஏன் அவ்வளவு மலிவு என்று அப்பா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இன்றோடு அது செல்லாது.

ஒன்றை மறந்துபோனாள். சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் செலவில் கை நனைக்கமாட்டார்கள். காப்பி குடிப்பார்கள். இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். ஓட்டலுக்கு வந்தால் அதெல்லாம் பார்க்கமாட்டார்கள் என்று எப்படியோ நினைத்துவிட்டாள்.

இதற்கு முன் இரண்டு வீட்டார் வந்தார்கள். இரண்டு வீட்டாரும் காப்பி குடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஃபோன்கூட இல்லை.

மேசைமேல் இருந்த கைப்பேசி ஒளிர்ந்தது. ‘உங்கள் கார்டு இன்று காலாவதியாகிறது.’

சட்டென்று கவிழ்த்தாள்.

எதிரே மாப்பிள்ளை மகாராஜன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவேளை.

மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். நகக்கண்ணில் வார்னிஷ் கறை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லைபோல. வந்து உட்கார்ந்ததும், “பேரிங் போயிட்டு,” என்று மின்விசிறியிடம் சொன்னான். வேறு யாரிடமும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஒரு வார்த்தையிலேயே அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது.

அப்பா மறுபடியும் கேட்டார்.

“ஒரு வாய் சாப்பிடலாம்லா மதினி. நேரமும் ஆயிட்டு.”

“இருக்கட்டும் அண்ணாச்சி. முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. வீட்டுல போய்ப் பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்.”

சொல்லி அனுப்புதோம்.

அப்பா சிரித்த முகத்தை இறக்காமல் வைத்திருந்தார். அவளுடைய அம்மா காலி டம்ளரை எடுத்து இன்னொரு முறை குடித்தாள்.

பரிமாறுகிறவர் வந்து நின்றார்.

“வேற என்ன சார்?”

“எனக்கு ஒரு சாப்பாடு,” என்றான் மகாராஜன்.



பக்கத்தில் இருந்த அவனுடைய மாமாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“எலேய், என்னல பண்ணுத?”

“பசிக்கு மாமா.”

எழுந்து கைகழுவப் போய்விட்டான்.

அவனுடைய அம்மா போகிற முதுகையே பார்த்தாள். பிறகு திரும்பிப் பெண்ணைப் பார்த்தாள். தலையிலிருந்து மடி வரைக்கும், நிதானமாக. கோபமா என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை. குனிந்துகொண்டாள்.

“காலையில எட்டு இட்லி தின்னுட்டு வந்திருக்கான்,” என்றாள் அவனுடைய அம்மா. “பசிக்காம் இவனுக்கு.”

அந்த அம்மாவின் உதட்டோரம் சிரிப்பு நெளிந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“தம்பி, எல்லாருக்கும் இலையப் போடுங்க.”

அப்பா விட்ட மூச்சு அடுத்த மேசைக்கே கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு ஒரே சத்தம். மாமா ரசத்தை இரண்டு தடவை வாங்கினார். அவளுடைய அம்மா வத்தக்குழம்புக்குப் பக்குவம் சொன்னாள். இவளுக்கு எல்லாமே பாயசம் மாதிரி இருந்தது. மோர்கூட.

பெரியவர்கள் வெற்றிலை வாங்க வெளியே போனார்கள். அவள் கல்லாவுக்கு வந்தாள்.

கார்டின் பதினாறு எண்களையும் வாசித்தாள். கல்லாக்காரர் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

நின்றது.

“ஆயிட்டும்மா. இன்னும் நூத்தி நாப்பத்தி ரெண்டு ரூவா கெடக்கு. நாளைக்கு வந்தா எடுக்காது.”

“தெரியும்.”

பின்னாலிருந்து இன்னொரு குரலும் அதையே சொன்னது.

“தெரியும்.”

மகாராஜன் கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி நின்றான்.

“ஃபோன்ல எழுத்தப் பெருசா வச்சிருக்கீங்க,” என்றான். “தலைகீழா இருந்தும் வாசிக்க முடிஞ்சுது.”

அப்பாவுக்காகப் பெரிதாக்கி வைத்த எழுத்து. அவளுக்குக் காது சுட்டது. கார்டு வீணாகிவிடக் கூடாது என்றுதானா அந்த எட்டு இட்லிக்கு மேல் ஒரு முழுச் சாப்பாடு?

கேட்காமல் விட்டால் ராத்திரி தூக்கம் வராது.

“அப்ப பசின்னது?”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவனுடைய அம்மா வெற்றிலையைக் கிள்ளியபடி அப்பாவிடம் விரல்விட்டுக் கல்யாணத்துக்கு மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அதை ஒரு தடவை பார்த்தான். அருகிலிருந்த மேசையில் ஒரு நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டான்.

பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டான்.

“அண்ணே, ரெண்டு காப்பி. மெதுவாக் கொண்டு வாங்க.”