தானா உடைஞ்ச கண்மாய்

"கண்மாய் உடைஞ்சிருச்சு எசமான்" என்றார்கள் ஊரார், ஒரே குரலில்.

கீழக்குயில்குடிக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன ஊருக்கு வில்வண்டியில் வந்து இறங்கிய தாசில்தார், சாவடியில் உட்கார்ந்து, எப்படி உடைந்தது என்று விசாரித்தார்.

ஊர்த்தலைவரான அம்பலக்காரர் விருமாண்டி, கரைக்கு வயசாகிவிட்டது என்றார். மலையாண்டி, எல்லாம் மேல்காற்றின் வேலை என்றார். அன்னக்கொடியோ, அய்யனாரின் குதிரை இறங்கி வந்து மிதித்துவிட்டது என்று அடித்துச் சொன்னாள். வெள்ளைக் குதிரையா, செவலையா என்று தாசில்தார் தெரியாத்தனமாகக் கேட்டுவிட, ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

காசிமாயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுப்புக்கு நின்ற அவர் நெல் அத்தனையும் தண்ணீருக்குள் கிடந்தது. உடைப்பின் ஓரத்தில் மண்வெட்டித் தடத்தை அவரே பார்த்திருந்தார். விருமாண்டியின் ஆட்கள் மீனுக்கு ஆசைப்பட்டு வெட்டியிருப்பார்கள், அதைத்தான் ஊரே சேர்ந்து பூசி மெழுகுகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கரைக்குக் கீழே வெற்றிலைக் கொடிக்கால் போட்டிருந்த சுலைமானுக்கு ஒரு கொடிகூட மிஞ்சவில்லை. அவரும் எழுந்து, அது தானாகத்தான் உடைந்தது என்றபோது காசிமாயனுக்குப் பொறுக்கவில்லை.

"தானா உடையுறதுக்கு அதென்ன கொப்புளமா எசமான்? எவனோ உடைச்சிருக்கான். அவனைப் பிடிச்சு உள்ள போடுங்க."

தாசில்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆளைச் சொல்லும். இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சுலைமான் மட்டும் காசிமாயனின் கையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்துப் போனார்.

"அண்ணே, சும்மா இருங்க. போன வாரம் காய்ச்சல்ல கிடந்தீகல்ல, உங்களுக்கு நண்டுச்சாறு வைக்கணும்னு மதினிதான் கரையில வளையைத் தோண்டுச்சு. நண்டு உள்ள போகப் போக, அதுவும் தோண்டிக்கிட்டே போயிருச்சு. நான் கொடிக்கால்ல இருந்து பார்த்தேன். ஊருக்கே தெரியும்."

காசிமாயன் பெண்கள் பக்கம் திரும்பினார். அவர் மனைவி செல்லத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். சாறு ருசியாக இருக்கிறதென்று இன்னும் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தது அவருக்கு இப்போதுதான் நெஞ்சைக் கரித்தது.

மெல்ல நடந்து வந்து தாசில்தார் முன்னால் கைகட்டி நின்றார்.

"நான்தான் எசமான் வெட்டுனேன். என்னையக் கூட்டிட்டுப் போங்க."

தாசில்தார் எழுவதற்குள் சுலைமான் இடையில் வந்து விழுந்தார்.

"இவருக்கு இன்னும் காய்ச்சல் விடலைங்க எசமான், பிதற்றுறாரு. கொடிக்கால் அம்புட்டையும் பறிகொடுத்தவன் நான் சொல்றேன். தானாத்தான் உடைஞ்சிச்சு."