மேட்டுக்கு ஒரு பொய்

"பொய்! பச்சைப் பொய்!" மர்லீன் தன் சின்ன நோட்டில் மூன்றாவது கோடு போட்டாள்.

போஸ்டனில் ஜூலை வெயில். பழைய இடங்களை நடந்தே பார்க்கக் கிளம்பிய கூட்டத்தில் பன்னிரண்டு பேர். முன்னால் வழிகாட்டி எல்லிஸ், அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்து வேஷத்தில்: முக்கோணத் தொப்பி, கம்பளிக் கோட்டு, கொக்கி வைத்த ஷூ.

மர்லீன் ஒஹையோ பள்ளியில் முப்பத்தோரு வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ரிட்டயரானவள். தேதி ஒன்று தப்பினாலே அவளுக்குப் பல் கூசும்.

தேவாலயம், பழைய நகர மன்றம், கல்லறைத் தோட்டம்... அங்கெல்லாம் எல்லிஸ் சொன்னது அச்சுப் பிசகாமல் சரி. மேட்டுத் தெருவில் ஏறத் தொடங்கியதும்தான் ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது.

முதலில் ஒரு வெறும் மதில் சுவர்.

"இங்கதாங்க, பிரிட்டிஷ் படையோட மேப்பை ஒரு ஆடு தின்னுடுச்சு. முன்னூறு சிப்பாய்ங்க மூணு நாள் இந்தத் தெருவையே சுத்திச் சுத்தி வந்தாங்க."

"ஆட்டோட பேரு?" என்றார் கடைசியில் நின்ற ஒரு பெரியவர்.

"பெட்சி சார். கருப்பு ஆடு."

இருபதடி ஏறியதும் தெருவோரம் குட்டையாக நிற்கும் இரும்புத் தீயணைப்புக் குழாய். "ஒரு தளபதி இதுமேல உக்காந்துதான் போரைத் தள்ளிவெச்சார்!"

"அந்தக் காலத்துல ஏதுய்யா தீயணைப்புக் குழாய்?" மர்லீன் முணுமுணுத்தாள். யார் காதிலும் விழவில்லை.

மூன்றாவதாக ஒரு வீட்டு வாசல். ஊறுகாய்ப் பீப்பாயில் ஒன்பது நாள் ஒளிந்திருந்த ஒற்றனின் கதை. குப்பைப் பையோடு வெளியே வந்த வீட்டுக்காரர் திகைத்துப்போனார்.

"என் வீட்லயா?"

"உங்க வீட்லதான் சார்."

அவர் குப்பையைக் கீழே வைத்தார். "சரி, அப்புறம் என்னாச்சு?"

இதற்குமேல் மர்லீனால் தாங்க முடியவில்லை. எல்லிஸை ஓரமாக இழுத்தாள்.

"தம்பி, நான் சரித்திர டீச்சர். என்கிட்டயே ஆட்டுக் கதை விடறீங்களா? நாளைக்கே உங்க ஆபீசுக்கு எழுதறேன்!"

"மெதுவா மேடம்!" எல்லிஸ் குரலைத் தாழ்த்தினான். "கடைசியில வர்றாரே, மிஸ்டர் அக்கர்மன், அவரைப் பாருங்க. எண்பத்திரண்டு வயசு. மேடு வந்தாலே மூச்சு வாங்குது. உக்காருங்கன்னா கோவிச்சுக்கறார். அவருக்காகத்தான் எல்லாரும் நிக்கறோம்னு தெரிஞ்சா குன்றிப் போயிடுவார். நிக்கறதுக்கு ஒரு சாக்கு வேணுமே! இந்தத் தெருவுல ஒண்ணுமே நடக்கலைன்னா நான் என்ன பண்றது?"

மர்லீனுக்கு முகம் சிவந்துவிட்டது. நோட்டில் கோடு போட்ட தாளைக் கிழித்துக் கைப்பையில் திணித்தாள். மேலே ஏற வேண்டியது இன்னும் பாதித் தெரு இருந்தது. நேரே பெரியவரிடம் போய்க் கையை நீட்டினாள்.

"பிடிச்சுக்கிட்டு மெதுவா வாங்க சார். அவசரமே இல்லை."

அக்கர்மன் முன்னால் போகிற எல்லிஸை ஒரு பார்வை பார்த்தார். அவருடைய மூச்சிரைப்பு சட்டென்று நின்றது.

"எனக்கெதுக்கு டீச்சரம்மா? வெர்மான்ட்ல மலைமேல வீடு எனக்கு, தினம் ரெண்டு தடவை ஏறி இறங்கறேன்" என்று கிசுகிசுத்தார். "பாவம், அவருக்குத்தான் அந்தப் பாழாப்போன ஷூ ரெண்டு குதிகாலையும் கடிச்சுப் புண்ணாக்கிடுச்சு. கொஞ்சம் நில்லுங்கன்னா ரோஷம் வருது. நான் மூச்சு வாங்கினாத்தான் மனுஷன் நிக்கறார்!"