நடுக்கம்பு

பாத்திரக்கடை சங்கரலிங்கம் யார் சொன்ன முதல் கணக்குக்கும் தலையாட்டியவரில்லை. மகள் கோமதியின் வளைகாப்புக்காகக் கீழ்வீட்டின் நடுச்சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்கியபோதும் அப்படித்தான். மாடியைத் தாங்கப் புது பீம் போட்டிருந்தது. அதன் அடியில் முட்டுக்கம்புகள் இருபத்தெட்டு நாள் நிற்கவேண்டும் என்றார் மேஸ்திரி ஞானமுத்து. கம்புக்கு நாள் வாடகை. "பத்து நாள்" என்றார் இவர்.

"கான்கிரீட்டு இறுகணும்லா, அண்ணாச்சி."

"சரி, உமக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். பன்னிரண்டு."

பன்னிரண்டாம் நாள் மாடியில் கோமதிக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே பந்தி போட இடம் வேண்டுமென்று சங்கரலிங்கம் பக்கத்தில் நிற்க, ஞானமுத்து கம்புகளைத் தட்டி எடுத்தார். ஒன்பதில் எட்டு வந்துவிட்டன. நடுக்கம்பு மட்டும் அசையவில்லை. மறுபடி ஓங்கிய சுத்தியலை அவர் பாதியிலேயே நிறுத்தினார். பீமின் அடியில் தலைமயிர் மாதிரி ஒரு கீறல் ஓடியிருந்தது.

"மொத்தப் பாரமும் இந்தக் கம்பு மேல உக்காந்துட்டு, அண்ணாச்சி."

"எடுத்ததையெல்லாம் திரும்ப வையும்."

"வைக்கணும்னா தட்டி முறுக்கணும். இனி தட்டப்பிடாது. மேல உள்ளவங்கள இறக்குங்க. ஒவ்வொரு ஆளா."

"நாலு நாலு பேரா இறக்குனா?"

கேட்டபிறகுதான் தன் குரல் அவருக்கே காதில் விழுந்தது.

"சரி. ஒவ்வொரு ஆளா" என்று சங்கரலிங்கம் படிக்கட்டுக்கு ஓடினார். முதல் படியில் கால் வைக்கும்போது மாடியிலிருந்து போட்டோக்காரரின் குரல் கேட்டது.

"எல்லாரும் எந்திரிச்சு, பொண்ணச் சுத்தி நெருங்கி நில்லுங்க."

நாற்காலிகள் நகர்ந்தன. சங்கரலிங்கம் திரும்பிப் பார்த்தார். ஞானமுத்து சுத்தியலைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டு, நடுக்கம்பை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.