கீழ் வீட்டு ஸ்போர்ட்ஸ் கார்

"இந்த வாரமும் ஆயில் குறைஞ்சிடுச்சாமா?" துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள் மனைவி.

"ஸ்போர்ட்ஸ் கார்னா ஆயிலைக் குடிக்கத்தான் செய்யும். அந்தம்மாவுக்குப் பார்க்கத் தெரியல" என்றபடி செருப்பை மாட்டினான் கணவன்.

"நம்ம ஸ்கூட்டரை என்னிக்காவது குனிஞ்சு பார்த்திருக்கீங்களா?"

அவன் படியிறங்கிப் போனான்.

கீழ் வீட்டுக்குப் புதிதாக வந்தவள் தனியாக இருந்தாள். ஞாயிறுதோறும் அவளுடைய சிவப்புக் காரின் திறந்த பானட்டுக்குப் பின்னால் இரண்டு தலைகளும் மறைவதை மாடியிலிருந்து பார்த்துப் பார்த்து மனைவிக்கு வயிறு எரிந்தது.

அடுத்த ஞாயிறு அவன் குளிக்கப் போன சமயம் பார்த்து, அவளே கீழே போனாள்.

"ஆயிலை நானே பார்க்கறேன். எங்கப்பாவும் கார் வச்சிருந்தவர்தான்."

அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தாள். ஆயில் மேல்கோட்டைத் தொட்டு நின்றது.

"சொட்டுகூடக் குறையல. அப்புறம் எதுக்கு வாரா வாரம் என் புருஷன்?"

கீழ் வீட்டுக்காரி தயங்கினாள். பிறகு காருக்குள்ளிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காட்டினாள்.

"நான் இதய டாக்டர். அவருக்குத் துடிப்பு சீரா இல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்தா நீங்க பயந்துடுவீங்கன்னு இங்கயே காட்டிக்கறார். வீட்ல சொல்லிடுங்கன்னு நானும் கெஞ்சிட்டுதான் இருக்கேன்."

அவள் மெல்லப் படியேறினாள். தலை துவட்டாமல் வாசலில் நின்றிருந்தான் கணவன்.

"ஆயில் பார்த்தியா?"

"பார்த்தேன்." துண்டை வாங்கி அவன் தலையைத் துவட்டிவிட்டாள். "குறைஞ்சுதான் இருக்கு. சட்டையைப் போடுங்க, நானும் கூட வர்றேன்."