பெட்டி கத்திய மூலை

"கத்துதுவே! பெட்டி கத்துது!"

கூவிக்கொண்டே ஆவுடைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

ஐந்தருவிக்குப் போகிற சாலையோரம் ஒரு ஏக்கர் கல்லுக்காடு. அதன் வடக்கு மூலையில், காலேஜ் வாத்தியார் கையிலிருந்த, கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கிற கைகர் பெட்டி சோளம் பொரிகிற மாதிரி சடசடத்தது.

"யுரேனியமா?"

"இருக்கலாம் அண்ணாச்சி. தோண்டி, மண்ணை பம்பாய்க்கு அனுப்பினாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

வக்கீல் காந்திமதிநாதன் சாரலுக்குக் குடையை விரித்தார். இந்தத் தேடலில் கால் பங்கு அவருடையது. முக்கால் பங்கு முதல் போட்டவர் ஆவுடைநாயகம்.

"ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும் அண்ணாச்சி. அணு சம்பந்தப்பட்டது எல்லாம் சர்க்காருக்குத்தான். நீங்க தோண்டி, கடை போட்டு விக்க முடியாது."

"தெரியும்வே. பம்பாயில உலை வச்சு ஓட்டுதாங்க. இன்னும் நாலு உலை வைக்கணும்னா இந்தக் கல்லு வேணும்லா? வரட்டும், எடுக்கட்டும். நிலத்துக்காரனுக்கு ஒண்ணும் தராமலா போவான்?"

"நஷ்டஈடு தருவான். கல்லுக்காட்டு விலைதான் தருவேன்னு சொல்லிட்டா?"

"கேஸ் போடத்தானவே ஒம்மைக் கூட்டுச் சேத்திருக்கேன்!"

நிலம் ஜாஹிரா பீவியுடையது. புருஷன் இறந்த பிறகு, நாலு நயா பைசாவுக்கு ஓர் ஆப்பம் என்று சுட்டு விற்று மகளை வளர்க்கிறவள்.

"ஏம்மா, அந்தக் கல்லுக்காட்டை எனக்கு விலைக்குக் கொடுத்துரேன்."

"அது எதுக்கு அண்ணாச்சி? அங்கன எள்ளுகூட முளைக்காதே."

ஆவுடைநாயகம் இந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஜாஹிராவின் மகள் நூர்நிஷா, மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். பன்னிரண்டு வயசு இருக்கும். அவளைப் பார்த்ததும் அவர் வாயில் வந்துவிட்டது.

"பள்ளிக்கூடம்! பொம்பளப் பிள்ளையளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டணும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை."

வக்கீலுக்கு இருமல் வந்தது.

ஜாஹிரா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நிசமாவா சொல்லுதீய? இவ அஞ்சாப்போட நின்னுட்டா. இந்தத் தெருவுல எல்லாப் பிள்ளையும் அப்படித்தான். தென்காசி வரைக்கும் யாரு தெனம் அனுப்புவா?"

"அதுக்குத்தாம்மா சொல்லுதேன்."

"அப்பம் எனக்கு விலை வேண்டாம். தானமாவே எழுதித் தாரேன்."

திரும்பி வருகிற வழியெல்லாம் ஆவுடைநாயகத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சும்மா தாராவே! வெள்ளந்தி, பாவம்."

"பாவம்தான்," என்றார் வக்கீல். அதற்கு மேல் பேச அவருடைய கால் பங்கு விடவில்லை.

ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு ஜாஹிரா தனியாக வரவில்லை. தெருப் பெண்கள் பதினோரு பேர் கூட வந்திருந்தார்கள். பத்திரத்தில் இரண்டு நிபந்தனை இருந்தது. நிலம் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும். ஆறு மாதத்தில் வேலை தொடங்காவிட்டால் நிலம் திரும்ப அவளுக்கே.

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் ஆவுடைநாயகம்.

"பள்ளிக்கூடம்தானே கட்டப் போறீய, அண்ணாச்சி?"

வக்கீல் அவர் காதைக் கடித்தார். "கையெழுத்தைப் போடுங்க. தர்மகர்த்தா நீங்கதான். சர்க்கார் எடுத்தாலும் பணம் உங்க கைக்குத்தான் வரும். அஸ்திவாரம் தோண்டுத சாக்குல மண்ணையும் எடுத்துரலாம்."

போட்டார்.

அஸ்திவாரத்துக்கு நாள் பார்த்தார்கள். தாசில்தார் வந்தார். தெருவே திரண்டு நின்றது.

"வடக்கு மூலையில ஆரம்பிங்கலே!" என்று ஆவுடைநாயகம்தான் கை காட்டினார்.

ஒரு சாண் ஆழத்தில் உடைந்த கண்ணாடி வந்தது. அதற்கும் கீழே, கூடை கூடையாக, தொட்டால் உதிர்கிற வெள்ளை வலைத் துணுக்குகள். வாத்தியார் பெட்டியை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். சடசடவென்று கத்தியது. அவர் முகம் தொங்கிவிட்டது.

"அண்ணாச்சி... இது கேஸ் லைட்டுல திரி மாதிரி எரியுத வலை, மேண்டில். நல்லா வெளிச்சம் வரதுக்கு இதுல தோரியம் சேப்பாங்க. அதுக்கும் பெட்டி கத்தும். இங்கன யுரேனியமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அப்போதுதான் வக்கீலுக்கு உறைத்தது. ஜாஹிராவின் புருஷன், புளியறையிலிருந்து சிவகிரி வரைக்கும் கல்யாண வீடுகளுக்கு கேஸ் லைட் வாடகைக்கு விட்டவர். இருபது வருஷத்துக் கழிவு அத்தனையும் இந்த மூலையில்தான் புதைந்திருக்கிறது.

"நிறுத்திருவோமா?" என்றார் மெதுவாக.

ஆவுடைநாயகம் சுற்றிப் பார்த்தார். என்ன காரணம் சொல்லி நிறுத்துவது? அதற்குள் தாசில்தார் அவர் கழுத்தில் மாலையைப் போட்டு, "ஜில்லாவுக்கே நீங்க ஒரு முன்மாதிரி," என்றார். பெண்கள் சீனி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தோண்டுங்கலே," என்றார்.

அடுத்த ஜூனில் நாலு அறையோடு பள்ளிக்கூடம் எழும்பிவிட்டது. நாற்பத்தொரு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ரிஜிஸ்தரில் முதல் பெயர் நூர்நிஷா.

திறப்பு விழாக் கூட்டம் கலைந்த பிறகு ஆவுடைநாயகம் ஜாஹிராவிடம் வந்தார். மாசக் கணக்கில் மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்த கேள்வி.

"ஏம்மா, அந்த மூலையில என்ன கிடக்குன்னு உனக்கு முந்தியே தெரியுமோ?"

"தெரியாம என்ன அண்ணாச்சி? மொதல்ல ஒரு சர்க்கார் ஆபீசரு பெட்டியோட வந்தாரு. அது மேண்டிலுக்குத்தான் கத்துதுன்னு அவருதான் சொன்னாரு. பொறவு ரெண்டு பேரு பெட்டியோட வந்து விலைக்குக் கேட்டாங்க. உள்ளதைச் சொல்லி அனுப்பிட்டேன்."

"எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

ஜாஹிரா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒருத்தரு தோட்டம் போடப் போறேன்னாரு. இன்னொருத்தரு பங்களா கட்டப் போறேன்னாரு. பள்ளிக்கூடம்னு பொய் சொன்னது நீங்க ஒருத்தருதான், அண்ணாச்சி."